சொன்னது சாரை

திண்டிவனம்
18.1.1987

மாமாவுக்கு சவுரியம்மாள் எழுதுவது.

தையலு பெரியவளாகி, மஞ்சள் நீர் சுற்றி இருபது நாளாகிறதாம். மயிலம் பஸ்ஸில் அஞ்சம்மாளைப் பார்த்தேன். அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பெற்றவளுக்கு ஒரு கார்டு போட்டிருக்கலாம். உங்கள் வீட்டில் காந்திமதி அக்காவாவது எழுதுவார் என்று நினைத்தேன். அவருக்கும் நீங்கள் தடை போட்டிருப்பீர்கள்.

உங்கள் தம்பி இறந்து பதினாறாம் நாள், "புள்ள இங்க இருக்கட்டும், நீ போயி வேலயப் பாரு, ஒரு மாசம் கழிச்சு இட்டுக்கினு போ" என்றீர்கள். அந்த ஒரு மாதம் ஐந்து வருஷம் ஆகிவிட்டது. நிலத்தை வாரத்துக்கு விட்டுவிட்டு விழுப்புரத்தில் உரக்கடை வைத்தபோது அவளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். போன நவம்பரில் அவள் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றேன். என் மகள் என்னைப் பார்த்து, "எங்கப்பாவ சாவடிச்சவ கிட்ட நான் பேசமாட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு அந்த வார்த்தை தானாக வராது.

இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. நம் ஊர் டிஸ்பென்சரியை நடத்திய சிஸ்டர் பிலார் ஸ்பெயின் நாட்டுக்கே திரும்பிப் போய், அங்கே இறந்துவிட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் எனக்கு ஒரு பார்சல் வந்தது. அவர்களுடைய டைரிகள். என்னிடம் சேர்க்கச் சொல்லியிருந்தார்களாம். பன்னிரண்டு வருஷம் அவர்களுக்குத் துணையாளாக வேலை பார்த்ததில் அந்த மொழியைப் பேசவும், அவர்கள் எழுத்தை வாசிக்கவும் பழகிவிட்டேன். அது உங்களுக்குத் தெரியும்.

1981 அக்டோபர் பதினான்காம் தேதிப் பக்கத்தில் உங்கள் தம்பியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். கை, கடித்த இடம், கொண்டுவந்த நேரம் எல்லாம் இருக்கிறது. அதன் அடியில் இரண்டு வரி. அப்படியே எழுதுகிறேன்: "தீஹோ குலேப்ரா. ஏரா பீபொரா." தமிழில்: "சாரை என்று சொன்னார். அது விரியன்."

அந்தப் பக்கத்தைப் பார்த்து எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். தையலிடம் காட்டுங்கள். வேறு எதுவும் கேட்கவில்லை.

சவுரியம்மாள்


விழுப்புரம்
2.2.1987

சவுரியம்மாளுக்கு,

கடிதம் கடைக்கு வந்தது. வீட்டுக்கு எழுதாமல் விட்டாயே, அந்த அளவுக்கு உனக்குப் புத்தி இருக்கிறது.

குழந்தையிடம் காட்டவில்லை. காட்டவும் மாட்டேன். எழுத்து உன்னுடையது. மொழிபெயர்ப்பு உன்னுடையது. சாட்சி சொல்ல வேண்டியவர் செத்துப் போய்விட்டார். கடல் தாண்டி வந்த நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? நாளைக்கு "சக்கரபாணிதான் கடித்தான்" என்று எழுதியிருப்பதாகக்கூட நீ படிப்பாய்.

நடந்தது இது. தம்பி துரைக்கண்ணு களத்தில் பிடுங்கிப் போட்ட மல்லாட்டைச் செடிக் குவியலில் கை விட்டான். பாம்பு கடித்தது. வண்டி கட்டி உன் டிஸ்பென்சரிக்கே கொண்டுவந்தேன். வேறு எங்கும் போகவில்லை, ஏனென்றால் அங்கே வீட்டு மருமகள் இருக்கிறாள் என்று நம்பினேன். "பாம்பு கடிச்சிடுச்சு" என்று சொன்னேன். சாரை என்ற சொல் என் வாயிலிருந்து வரவில்லை. அந்த அம்மாவுக்கு நம் பேச்சு சரியாகப் புரியாது. நீதான் நடுவில் நின்று சொன்னாய். என்ன சொன்னாயோ, அந்த அம்மா ஊசி போடாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மணி நேரம். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாவு வீட்டில் என் அம்மா உன்னைப் பாம்பு என்று சொன்னார்கள். அப்போது நான் அவர்களை அதட்டினேன். இப்போது அதட்டியிருக்க வேண்டாமே என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிக்காத கல்யாணம் அது. அவன் பிடிவாதம் பிடித்தான், ஏற்றுக்கொண்டோம். அதற்குக் கிடைத்த பலனைப் பார்த்துவிட்டோம்.

புதுச்சேரிக்கு மாதம் ஒருமுறை சரக்கு எடுக்கப் போகிறேன். அங்கே ஸ்பானிஷ் தெரிந்த பாதிரியார் யாராவது இருப்பார்கள். உன் காகிதத்தைக் காட்டப் போகிறேன். பிறகு பேசுவோம்.

மறுபடி பள்ளிக்கூட வாசலுக்குப் போகாதே, ஹெட்மாஸ்டரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

சக்கரபாணி


திண்டிவனம்
9.2.1987

மாமாவுக்கு,

தாராளமாகக் காட்டுங்கள். அதற்கு முன்னால் அந்த வார்த்தைகளை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்று சொல்லிவிடுகிறேன், பாதிரியாரிடம் சரியாகக் கேட்க உதவும்.

அறுவடைக் காலத்தில் பாம்புக்கடி வராத வாரம் கிடையாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தைதான் சொல்லுவேன். சிஸ்டருக்குக் கோபம் வந்துவிடும். ஒருநாள் சுவரில் கரியால் படம் போட்டுக் காட்டினார்கள். நீளமாக, மெல்லியதாக, ஓடிப் போவது குலேப்ரா. நம் சாரை, தண்ணீர்ப் பாம்பு எல்லாம் அதில் சேரும். கட்டையாக, தலை முக்கோணமாக, ஓடாமல் கிடந்து கடிப்பது பீபொரா. விரியன். மூன்றாவது செர்பியெந்தே. அது வேதாகமத்தில் வருவது, பூசை நேரத்தில் வாசிப்பது. "ஆஸ்பத்திரியில் அந்த வார்த்தை வேண்டாம்" என்றார்கள்.

ஊசி மருந்து எப்போதும் இரண்டு மூன்று குப்பிக்கு மேல் இருக்காது. விஷமில்லாத கடிக்குப் போட்டால் சிலருக்கு அந்த ஊசியே உயிரை எடுத்துவிடும். அதனால் யார் வந்தாலும் முதல் கேள்வி, "குலேப்ரா ஓ பீபொரா?" நான் அதைத் தமிழில் கேட்பேன்.

அன்றைக்கும் கேட்டேன். "மாமா, என்ன பாம்பு?" என்றேன். நீங்கள் வண்டியிலிருந்து இறங்கக்கூட இல்லை. "சாரதான். நானே பாத்தேன். ஜல்தியா மருந்த போட்டு அனுப்பு, களத்துல ஆளு நிக்குது" என்றீர்கள். நான் சிஸ்டரிடம் "குலேப்ரா" என்றேன்.

உங்கள் அம்மா பேசியதைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். சாவு வீட்டுக்கு சிஸ்டரும் வந்திருந்தார்கள். "என்ன சொல்கிறார்கள்?" என்று என்னிடம்தான் கேட்டார்கள். ஒரு மனுஷியை அந்த மொழியில் பாம்பு என்று வைய வேண்டுமானால் பீபொரா என்பார்கள். என்னைப் பற்றி நானே அதைச் சொல்ல வாய் வரவில்லை. "செர்பியெந்தே" என்று சொன்னேன். வேதத்தில் இருப்பதுதானே என்று. சிஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அதையும் டைரியில் எழுதியிருக்கிறார்கள்.

சவுரியம்மாள்


விழுப்புரம்
1.3.1987

சவுரியம்மாளுக்கு,

பாம்புகளைப் பற்றி நீ எடுத்த பாடத்துக்கு நன்றி. நான் பாதிரியாரைப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். எழுபது வயதுக்கு மேலிருக்கும். இளமையில் நாலு வருஷம் அந்த நாட்டில் படித்தவர். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார்.

முதலாவது. குலேப்ரா என்றால் சாரை என்று அடித்துச் சொல்ல முடியாதாம். பல ஊர்களில் பொதுவாகப் பாம்புக்கே அதுதான் பெயராம். ஆக நான் "பாம்பு" என்றேன், நீ "குலேப்ரா" என்றாய், அந்த அம்மா விஷமில்லாதது என்று எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொடுத்த வார்த்தை உன்னுடையது.

இரண்டாவது. "தீஹோ" என்றால் சொன்னார் என்று எழுதினாய். அதில் ஆண், பெண் கிடையாதாம். சொன்னான், சொன்னாள், சொன்னார், எல்லாம் ஒன்றாம். நான் சொன்னதாக ஏன் மாற்றினாய்? அந்த அம்மாவின் காதில் குலேப்ரா என்ற சொல்லைப் போட்டது யார்? நானா? எனக்கு அந்தச் சொல்லே தெரியாதே.

மூன்றாவதைக் கவனமாகப் படி. "ஏரா பீபொரா" என்பதை "அது விரியன்" என்றும் படிக்கலாம், "அவள் விரியன்" என்றும் படிக்கலாமாம். அந்த நாட்டில் கெட்ட எண்ணம் பிடித்த பொம்பளையை அப்படித்தான் சொல்வார்களாம். நீயே ஒத்துக்கொண்டிருக்கிறாய். இப்போது இரண்டு வரியையும் சேர்த்துப் படி: "குலேப்ரா என்று சொன்னாள். அவள் ஒரு விரியன்."

உன்கூடப் பன்னிரண்டு வருஷம் இருந்தவர் உன்னைப் பற்றி எழுதிவைத்ததை, எனக்கு எதிரான சாட்சி என்று எனக்கே அனுப்பியிருக்கிறாய். பார்சலை உனக்கு ஏன் அனுப்பச் சொன்னார்கள் என்று இப்போதாவது புரிகிறதா?

குழந்தைக்குக் காட்டச் சொன்னாயே, காட்டட்டுமா? நீயே சொல்.

சக்கரபாணி


திண்டிவனம்
15.3.1987

சக்கரபாணி அவர்களுக்கு,

இனி மாமா என்று எழுத எனக்குக் கை வராது.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. சிஸ்டர் அப்படி எழுதியிருப்பார்களா என்று என் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. அதில் உங்களுக்கு முழு வெற்றி. மூன்றாம் நாள் டைரியை எடுத்துக்கொண்டு புதுச்சேரிக்குப் போனேன். ஸ்பானிஷ் தெரிந்த வயதான சாமியார் என்று விசாரித்து, அதே பாதிரியாரைக் கண்டுபிடித்தேன். உங்களை நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறார்.

ஒரு ஆளைப் பீபொரா என்று சொல்லும்போது முன்னால் "உனா" என்று ஒரு சொல் வர வேண்டுமாம். 'ஒரு விரியன்' என்பது போல. உனா இல்லாமல் எழுதினால் இன்ன ஜாதிப் பாம்பு என்றுதான் அர்த்தமாம். "அந்த உரக்கடைக்காரரிடம் இதைச் சொன்னேனே அம்மா, இரண்டு தடவை சொன்னேன்" என்றார். எனக்கு எழுதும்போது அதை மட்டும் விட்டுவிட்டீர்கள்.

அவர் சொன்ன மற்ற இரண்டும் சரி. குலேப்ரா பொதுச் சொல்தான். சிஸ்டர் ஊர் வழக்கத்தை வைத்து நான் சாரை என்று எழுதினேன். தீஹோவில் ஆண் பெண் இல்லை என்பதும் சரி. சிஸ்டர் உங்களை நினைத்து எழுதினார்களா, என்னை நினைத்து எழுதினார்களா என்று எனக்குத் தெரியாது. என்னையாகவும் இருக்கலாம். ஏன் என்று சொல்கிறேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூடச் சொன்னதில்லை.

நீங்கள் "சாரதான்" என்றபோது நான் உங்கள் தம்பியின் கையைப் பிடித்திருந்தேன். ஆள்காட்டி விரலுக்குக் கீழே இரண்டு பல் பட்ட இடம். முழங்கை வரைக்கும் வீக்கம். துணி சுற்றியும் ரத்தம் நிற்கவில்லை. "வாய் கசக்குது சவுரி" என்று துப்பினார், எச்சில் சிவப்பாக இருந்தது. பன்னிரண்டு வருஷம் அதையே பார்த்தவள் நான். சாரை கடித்தால் அப்படி ஆகாது என்று எனக்குத் தெரியும். வாயில் பீபொரா என்றுதான் வந்தது. எதிரில் வண்டியில் நீங்கள் இருந்தீர்கள். வீட்டுக்குப் பெரியவர். நான் உங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, உங்கள் எதிரில் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொன்னதில்லை. சொன்னால் "பற... " என்று ஆரம்பித்து முழுங்கிக்கொள்வீர்களே, அந்த அரை வார்த்தைக்குப் பயந்து வாழ்ந்தேன். "நானே பாத்தேன்" என்று நீங்கள் சொன்ன பிறகு, இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. குலேப்ரா என்றேன்.

சிஸ்டர் என் முகத்தையும் அவர் கையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் பார்ப்போம் என்றார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் பாதி என்னுடையது. ஊசி போட்டு, ஜீப்பில் திண்டிவனத்துக்குக் கொண்டுபோகும் வழியில் என் மடியில்தான் போனார்.

என் பங்கைச் சொல்லிவிட்டேன். உங்கள் பங்கு மீதி இருக்கிறது. கடித்தது காலை பத்து மணிக்கு. வண்டி வந்தது பன்னிரண்டரைக்கு. அரை மணி நேர வழி. மீதி இரண்டு மணி நேரம் அவரை மோட்டார் கொட்டகையில் உட்கார வைத்தீர்கள். அஞ்சம்மாள் அன்றைக்கு உங்கள் களத்தில் செடியிலிருந்து கடலை ஆய்ந்துகொண்டிருந்தவள். பதறி எழுந்த பெண்களிடம் நீங்கள் சொன்னதை அப்படியே சொன்னாள்: "சாரதாண்டி, ஒண்ணும் ஆவாது. கூட்டம் போட்டுக்கினு நிக்காம கைய ஓட்டுங்க." இதுவும் பொதுச் சொல்லா?

தையலிடம் நீங்கள் வாயால் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் வாரம் ஒரு கடிதம் எழுதுவேன். கடைக்கு இல்லை, வீட்டுக்கு.

சவுரியம்மாள்


விழுப்புரம்
24.5.1987

சவுரியம்மாளுக்கு,

உன்னுடைய ஒன்பது கடிதமும் வந்தன. வீட்டுக்கு வந்ததையெல்லாம் தபால்காரரிடம் நானே வாங்கிவிட்டேன். கடை மேஜை டிராயரில் பூட்டி வைத்திருந்தேன். பள்ளிக்கூடம் லீவு விட்டதிலிருந்து தையல்நாயகி கடைக்கு வந்துகொண்டிருந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை சாவியை மேஜையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தபோது எல்லாம் மேஜை மேல் தேதி வாரியாக அடுக்கியிருந்தது. ராத்திரி வீட்டுக்கு வந்து, சோற்றுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, எல்லாரும் இருக்கும்போது கேட்டாள். "பெரியப்பா, சாரையா விரியனா?"

"சின்னப் புள்ளைக்கு என்ன தெரியும், சாப்பிடு" என்றேன். மறுபடியும் அதையே கேட்டாள். காந்திமதி கரண்டியை வைத்துவிட்டு, "புள்ள கேக்குதில்ல, சொல்லுங்களேன்" என்றாள். அவளுக்கு இத்தனை வருஷமும் தெரிந்திருக்கிறது. நான் தூக்கத்தில் பேசுகிறேனாம்.

சொன்னேன். அவளிடம் சொன்னதையே உனக்கும் எழுதுகிறேன், அவள் வந்து வேறு மாதிரி சொன்னாள் என்று பேச்சு வேண்டாம்.

விரியன்தான். கண்ணாடி விரியன். குவியலுக்கு அடியில் சுருண்டிருந்தது. உடம்பில் சங்கிலி மாதிரி புள்ளி. அவன் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். மண்வெட்டியால் அடித்து, வரப்போரம் மண்ணைத் தள்ளி மூடினேன். பதினெட்டுப் பெண்கள் களத்தில் இருந்தார்கள். மேற்கே மழை கருத்துக்கொண்டு வந்தது. பிடுங்கிய செடி முழுதும் வெளியில் கிடந்தது. விரியன் என்று ஒரு வார்த்தை விழுந்தால் ஒருத்தி நிற்கமாட்டாள். குவியலில் யார் கை வைப்பார்கள்? அதனால் சாரை என்றேன். செடியை மூடிவிட்டு உடனே கொண்டுபோய்விடலாம் என்று நினைத்தேன். அவனும் முதலில் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். "சாரை கடிச்சதுக்கு வண்டி கட்டணுமாண்ணா?" என்றான்.

டிஸ்பென்சரிக்கு வந்தபோது மாற்றிச் சொல்லியிருக்கலாம். வண்டியில் அவனும் இருந்தான். அவன் எதிரில் எப்படிச் சொல்வது? இரண்டு மணி நேரம் தெரிந்தே உட்கார வைத்தேன் என்று அவனிடமே எப்படிச் சொல்வது? அந்த அம்மா பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

நீயும் பார்த்தாய். நீயும் சொல்லவில்லை. அதை நீயே எழுதியிருக்கிறாய். உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. உன்னைப் பற்றி எனக்கிருந்த எண்ணமும் மாறவில்லை. நீ அவன் வாழ்க்கையில் வராமலிருந்தால் அவன் ஊரிலேயே தங்காமல் வேறு எங்காவது போய்ப் பிழைத்திருப்பான் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் அவள் இந்த வீட்டில் அதற்குப் பிறகு சாப்பிடவில்லை. எதிர் வீட்டில் வாங்கிச் சாப்பிடுகிறாள். ஜூன் முதல் தேதி காந்திமதி அவளைத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து விடுவாள். பதினொரு மணி வண்டி. பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டும் வாங்கிவிட்டேன்.

சக்கரபாணி


திண்டிவனம்
12.6.1987

சக்கரபாணி அவர்களுக்கு,

வந்து சேர்ந்தாள். இங்கே ஏழாம் வகுப்பில் சேர்த்துவிட்டேன்.

பஸ்ஸிலிருந்து இறங்கியவள் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள் என்று நீங்கள் நினைத்து வேக வேண்டாம். காந்திமதி அக்காவின் முந்தானையை விடாமல் நின்றாள். முதல் வாரம் முழுவதும் என்னை "ஏங்க" என்றுதான் கூப்பிட்டாள். எட்டாம் நாள் நான் கேப்பைக்களி கிண்டிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று, "பெரியப்பா பொய் சொன்னாரு. உனக்கு நெசம் தெரியும் இல்ல? நீ ஏன் சொல்லல?" என்று கேட்டாள்.

பயமாக இருந்தது என்றேன்.

"எங்கப்பா செத்துடுவார்னு பயமா இல்லியா?"

அடி பிடித்துவிடும் என்று களியைக் கிளறிக்கொண்டே இருந்தேன். அவள் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தட்டை எடுத்துக் கழுவி, எனக்கு ஒன்றும் தனக்கு ஒன்றுமாக வைத்தாள். என்னை மன்னித்துவிட்டாள் என்று சொல்லமாட்டேன். சாப்பிட்டோம், அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தை நான் போலீசுக்குக் கொண்டுபோவேனா என்று காந்திமதி அக்கா கேட்டார். கொண்டுபோக மாட்டேன். அப்படிப் போனால் கூண்டில் உங்கள் பக்கத்தில் நானும் நிற்க வேண்டும். உங்கள் பக்கத்தில் நிற்க எனக்கு இஷ்டமில்லை.

அஞ்சம்மாளிடம் மட்டும் சொன்னேன். அன்றைக்கு அந்தக் குவியலில் உச்சி தாண்டும் வரை அவள் கை வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிய வேண்டும். திட்டுவாள் என்று நினைத்தேன். தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மற்ற பதினேழு பேரிடமும் அவளே சொல்லிவிடுவதாகச் சொன்னாள். இனி நீங்கள் ஊர்ப் பக்கம் வரும்போது தெரிந்துகொண்டு வாருங்கள்.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அவருடைய போட்டோ உங்கள் கூடத்தில் மாட்டியிருப்பதாகத் தையலு சொல்கிறாள். ஒவ்வொரு வருஷமும் நினைவு நாளில் நீங்கள்தான் சூடம் காட்டுவீர்களாம், கண்ணெல்லாம் கலங்கிப் போகுமாம். அந்தப் படம் எங்களுக்கு வேண்டும். கண்ணாடி உடையாமல் துணி சுற்றிப் பதினொரு மணி வண்டிக் கண்டக்டரிடம் கொடுத்தால் போதும், நானே வந்து வாங்கிக்கொள்வேன். நீங்கள் கொண்டுவர வேண்டாம்.

சவுரியம்மாள்